"கால்!" என்று மறித்த குரல்

மதிப்புக்குரிய தலைவி றோஸ்மேரி ரீச்சர் அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் மௌலவி அவர்களே, பதில் கடமைக்கு வந்திருக்கின்ற மிருக வைத்தியர் நிறஞ்சலா அவர்களே, பேசாலைச் சனங்களே! கணவரை இழந்து இத்தாக் காலத்தில் வெளியே வராமல் இருக்கின்றபடியால் வீட்டிலிருந்து மகள் இர்ஷானாவின் கைத்தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்கின்ற, டொக்டர் இன்சாப்பின் மனைவி ஆமினா அவர்களே! எல்லோருக்கும் வணக்கம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்ற கழுதைகளுக்கும் வணக்கம். சிரிக்கிறவர்கள் சிரியுங்கோ. செத்த வீட்டுக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடாமல் இருக்கலாமா?

நான் பத்திநாதன். ஓட்டோ பத்தி என்றால்தான் பாதிப்பேருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாத ஆள். ஆனால் டொக்டர் இன்சாப் அவர்கள் இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்த முதல் நாள் அவரை மன்னார் பஸ் நிலையத்திலிருந்து ஏற்றி வந்தவன் நான். கடைசி நாள் ஏற்றிப் போனவனும் நான். அதனால்தான் ரீச்சர் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறா.

முதல் நாளே அவரைச் சீண்டினேன். "டொக்டர், இஞ்ச ஆட்களை விடக் கழுதைதான் கூட. ஆனா ஒண்டும் காசு தராது" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை அண்ண, பேச்சும் தராதுதானே?" என்றார். அன்றைக்கே அவருக்குக் கழுதை டொக்டர் என்று பேர் வைத்தேன். அந்தப் பேர் பேசாலையில் பிறந்து தலைமன்னார் வரைக்கும் போய்விட்டது. கோபித்தாரா? இல்லை! தொலைபேசியை எடுத்தால் அவரே "கழுதை டொக்டர் கதைக்கிறன்" என்பார்.

அவருக்கு ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. வாசல். நோய் பிடித்த மிருகம் எங்கே நின்றாலும் அதைச் சுற்றிக் கயிறு கட்டுவார். கயிற்றுக்கு ஒரு வாசல் விடுவார். வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய பேசின். சிவப்பு வாளி உள்ளுக்கு, நீல வாளி வெளியில். இரண்டும் மாறக்கூடாது. உள்ளே போனவன் பேசினுக்குள் காலை வைக்காமல் வெளியே வரக்கூடாது. வந்தால் ஒரு சத்தம் கேட்கும்: "கால்!" அவ்வளவுதான். ஏன், எதற்கு என்ற விளக்கம் பிறகு. "நோய்க்குச் சொந்தமாக் கால் இல்லை அண்ண, எங்கட காலிலதான் அது நடக்குது" என்பார்.

அந்தக் குருத்தோலை ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்கள் வழமை உங்களுக்குத் தெரியும். பவனியில் வருகிற கழுதைக்கு நாங்கள் குருத்தோலை நீட்டுவோம். அது கடித்து மிச்சம் விட்ட ஓலையைக் கொண்டுபோய் அவரவர் வாசலில் வந்து நிற்கிற கழுதைக்குத் தின்னக் கொடுப்போம். ஆசீர்வாதமான ஓலை, தின்ற கழுதை வருசம் முழுக்க வாகனத்தில் அடிபடாது என்று ஒரு நம்பிக்கை. அந்த வருசமோ, பவனிக் கழுதைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. யார் கவனித்தோம்? கிழமை ஒன்று போனது. வீதி வீதியாகக் கழுதைகள் தாடைக்கு அடியில் வீங்கி, சீழ் வடிந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. குட்டிகள்தான் அதிகம் செத்தன. கடற்கரையில் நாங்கள் புதைத்தோம். அந்த மணலைத் தாண்டும்போது நான் இன்றைக்கும் ஓட்டோவை மெதுவாக விடுகிறேன்.

டொக்டர் வீடு வீடாகப் போனார். "குருத்தோலை குடுத்தனீங்களோ?" என்ற ஒரே கேள்வி. கொடுத்த வீட்டுக் கழுதைக்கு வீக்கம். கொடுக்காத வீட்டுக் கழுதை சுகமாக நின்றது. நாங்கள் ஆசீர்வாதம் என்று வாயில் வைத்தது என்னவென்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

அடுத்த வருசம் கழுதை வேண்டாம் என்றார். ஊர் கொதித்தது. "எங்கட பவனியை மறிக்க இவர் ஆர்?" என்று கேட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம், நானும் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கோவில் முற்றத்தில் வந்து நின்று என்ன சொன்னார்? "நான் ஆண்டவரை மறிக்கேல்லை. கழுதையைத்தான் மறிக்கிறன்." எங்கள் பங்குத்தந்தை சிரித்துவிட்டு, "அப்ப ஆண்டவர் இந்த வருசம் நடந்து வரட்டும்" என்றார். ஆண்டவர் நடந்து வந்தார்! பவனி ஏதும் குறைந்ததா? ஆனால் அதற்கடுத்த வருசம் நோய் ஓய்ந்தது, கழுதை திரும்பவும் வந்தது, ஓலையும் திரும்பவும் வந்தது. நாங்கள் அப்படித்தான்.

இனி கபிலனுடைய குதிரைக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த எங்கள் கபிலன், அங்கே குதிரை வண்டிக்காரரோடு வேலை பழகினவன். தலைமன்னார்க் கரைக்கு வருகிற பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடலாம் என்று மலைநாட்டிலிருந்து ஒரு குதிரையைக் கொண்டுவந்தான். பேர் றாணி. அழகென்றால் அப்படியோர் அழகு. என் மனுசி பார்த்துவிட்டு, "உங்களைக் கட்டினதுக்கு இதைக் கட்டியிருக்கலாம்" என்றா.

லொறி வந்து நின்ற இடத்திலேயே டொக்டர் மறித்தார். ஊருக்கு வெளியே, பனைகளுக்கு அப்பால் பட்டி அடித்து றாணியைக் கட்டினார். கபிலன் துள்ளினான்.

"டொக்டர், புல்லுத் தின்னுது, ஓடுது, கனைக்குது. பிறகென்ன வருத்தம்?"

"பத்தியண்ணனும்தான் தின்னுறார், ஓடுறார், கனைக்கிறார். அதுக்காக அவரைச் சும்மா உள்ளுக்கு விட்டனாங்களே? கால் கழுவச் சொல்லுறம்தானே?"

"பகிடி விடாதேங்கோ. இது ஓடினாத்தான் என்ர அடுப்பு எரியும்."

அப்போது டொக்டர் சிரிப்பை விட்டார். "தம்பி, குதிரைக்குக் காதுக்கும் தொண்டைக்கும் நடுவில ஒரு பை இருக்கு. வருத்தம் சுகமானாப் பிறகும் அது அந்தப் பைக்குள்ள ஒளிச்சிருக்கும். குதிரைக்கு ஒண்டும் செய்யாது. பக்கத்தில நிக்கிற கழுதைக்குத்தான் செய்யும். சுகமான குதிரைதான் பொய் சொல்லும். கண்டி ஆய்வுகூடத்தில இருந்து முடிவு வரட்டும்." அந்தப் பைக்குள் குழாய் விட்டுத் தண்ணீர் எடுத்து அனுப்பினார். காலையும் மாலையும் தானே போய்க் காய்ச்சல் பார்த்தார். கபிலனுக்கும் பார்க்கப் பழக்கினார். "முதலில காய்ச்சல் வரும், பிறகுதான் மூக்கு ஒழுகும். அந்த இடைவெளியில கயிறு கட்டினா ஊர் தப்பும்." இது அவருடைய வேதம் மாதிரி.

போன கிழமை செவ்வாய்க்கிழமை காலை. நான் பட்டிக்கு வெளியே ஓட்டோவில் இருந்தேன். அவர் உள்ளே கவிழ்த்த சிவப்பு வாளியில், றாணிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். நேரம் போனது. நான் ஹோர்ன் அடித்தேன். "டொக்டர், என்ன, குதிரையோட கலியாணப் பேச்சோ? பொருத்தம் பார்த்து முடியேல்லையோ?" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பகிடிதான். அவர் எப்போதும் திருப்பிச் சொல்லுவார் தானே? அந்தப் பதிலுக்காக நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். றாணிதான் குனிந்து அவருடைய தோளில் மூக்கை வைத்துத் தள்ளியது. அவர் அப்படியே சரிந்தார்.

அந்தப் பதில் இன்னும் வரவில்லை. ஓட்டோவில் தனியே போகும்போது பின் ஆசனத்தில் ஆள் இருப்பது மாதிரிக் கிடக்கிறது. பகிடி ஒன்று வாய்க்கு வந்தால் நான் ஓட்டோக் கண்ணாடியைப் பார்க்கிறேன்.

புல்லோடு வந்த கபிலனும் நானும் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். வாசலைத் தாண்டினோம். அவருடைய சப்பாத்தும் கழுவவில்லை, எங்களுடைய காலும் கழுவவில்லை. உயிர் போகிற நேரத்தில் ஆர் பேசினைப் பார்ப்பது? யாரும் எங்களைக் குறை சொல்லமாட்டீர்கள். நானும் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தேன். மருந்துத் தண்ணீர் நிறைந்தபடி பேசின் கிடந்தது. வானம் அதற்குள் தெரிந்தது. தண்ணீர் அசையவேயில்லை. அன்றைக்கு "கால்!" என்று ஒரு சத்தமும் வரவில்லை. ஊர் முழுக்க அந்த ஒரு சத்தம் இல்லாமற்போனது எனக்கு முதன்முதல் கேட்டது அங்கேதான்.

ஓட்டோவில் ஏற்றி வரும்போது சந்தியில் பஸ் ஒன்று மறித்து நின்றது. கிழிஞ்சகாதை உங்களுக்குத் தெரியும். ஒரு காது கிழிந்த பெட்டைக் கழுதை, குட்டியோடு சந்தியிலேயே நிற்கும், நின்ற ஓட்டோவுக்குள் எல்லாம் தலையை விட்டு வாழைப்பழத் தோல் தேடும். அன்றைக்கும் விட்டது. டொக்டரின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சப்பாத்தை முகர்ந்து பார்த்தது. நக்கியது. பஸ் விலகியது, நான் பறந்தேன். வைத்தியசாலை வாசலில், எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் கண்டியிலிருந்து முடிவு வந்தது. றாணிக்கு நோய் இருக்கிறது. டொக்டர் சொன்ன அதே பைக்குள்ளே, அப்படியே! கபிலன் அந்தச் செய்தியைக் கேட்டு நிலத்தில் குந்திவிட்டான். "அந்த மனுசனோட எவ்வளவு சண்டை பிடிச்சனான் அண்ண" என்றான். எனக்கோ கபிலனும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. சந்தியில் நீண்ட அந்த நாக்குத்தான் கண்ணில் நின்றது. வாழ்நாள் முழுக்க நோயை வாசலில் மறித்த மனிதர், தன் சப்பாத்திலேயே அதை ஊருக்குள் கொண்டு வந்தாரா? இல்லை. அவர் நடந்து வரவில்லை. நாங்கள் தூக்கி வந்தோம்.

கிழிஞ்சகாதையும் குட்டியையும் அன்றைக்கே என் முற்றத்தில் கயிறு கட்டி மறித்தோம். சிவப்பு வாளி, நீல வாளி, பேசின். டொக்டர் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை ஆமினா அவர்கள் மகளிடம் கொடுத்து அனுப்பினா. காலையும் மாலையும் கபிலன் வந்து பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அவன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடிக்கும்போது, எனக்குப் பின்னால் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். நான் திரும்புவதில்லை.

சனங்களே! இன்று காலை கிழிஞ்சகாதுக்குக் காய்ச்சல். டொக்டர் நிறஞ்சலா வந்து பார்த்து உறுதிப்படுத்திவிட்டா. மூக்கு இன்னும் ஒழுகவில்லை. கயிற்றுக்கு வெளியே ஒரு கழுதைக்கும் இல்லை. விளங்குகிறதா? அந்த இடைவெளியில் நிற்கிறோம். அவர் சொன்ன அதே இடைவெளியில்! வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. பவனிக்கு இளைஞர் பிடித்து வைக்கவிருந்தது எந்தக் கழுதையை? சாது என்று எல்லாரும் சொன்னது எதை? இதே கிழிஞ்சகாதைத்தான். அவர் அப்படி எங்களைப் பழக்காமல் விட்டிருந்தால், மூன்று நாளில் எத்தனை குருத்தோலை அதன் வாய்க்குள் போயிருக்கும்! பிறகு எத்தனை வாசலுக்கு அந்த ஓலை போயிருக்கும்!

காலையில் பங்குத்தந்தையிடம் ஓடினேன். நான் வாய் திறக்குமுன்னமே, "தெரியும் பத்தி. ஆண்டவர் நடப்பார்" என்றார். கபிலன் சொன்னான்: "றாணி பட்டிக்குள்ளேயே நிக்கட்டும் அண்ண. நிறஞ்சலா டொக்டர் திறக்கச் சொல்லும்வரைக்கும் நான் திறக்கமாட்டன். நான் கடலுக்குப் போறன்." அடுப்பு எரிய வேண்டியவன் சொன்ன சொல் அது. அதைவிடப் பெரிய மலர்வளையம் இந்த மேடையில் இருக்கிறதா?

ஆகவே, மிருக வைத்தியர் இன்சாப் அவர்களே, கழுதை டொக்டர் அவர்களே! பேர் வைத்தவன் நான், நானே சொல்லுகிறேன். இனி இந்தத் தீவுக்கு எந்தக் குதிரை வந்தாலும், ஆருடைய குதிரை என்றாலும், முதலில் பட்டி, பிறகுதான் ஊர். குருத்தோலை எங்கள் கையோடு நிற்கும், எந்த மிருகத்தின் வாய்க்கும் போகாது. உங்கள் பேசினில் தண்ணீர் வற்ற விடமாட்டோம். இது பேசாலையின் வாக்கு. மறந்தால் என் பின் ஆசனத்தில் இருந்து ஒரு சத்தம் போடுங்கோ. நான் பயப்படமாட்டேன். சொல்லப்போனால், அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இன்று காலை கிழிஞ்சகாதைப் பார்க்க என் முற்றத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் இங்கே இருக்கிறீர்கள். வெளியில் மதிலோரம் கழுதைகள் நிற்கின்றன. மண்டப வாசலில் அவருடைய பேசினை வைத்திருக்கிறேன். பெரியவர், சின்னவர், மேடையில் இருப்பவர், ஒருவரும் தாண்டிப் போகவேண்டாம். அன்றைக்கு அசையாத அந்தத் தண்ணீர் இன்றைக்கு அசையட்டும். அவர் இல்லாத இடத்தில் இனி நான் நின்று சத்தம் போடுகிறேன்.

கால்!