அஞ்சலி போஸ்டரின் முதல் காப்பி

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருஷமாக நான் எம்.எல்.ஏ. சாலமன் அண்ணனுக்கு பி.ஏ. தாம்பரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் மாலை எங்களுடையதுதான். ஒரு மணி நேரத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். மூன்று தேர்தலை அப்படித்தான் ஜெயித்தோம். இரும்புலியூரில் மட்டும் எத்தனை பாடைக்குத் தோள் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

போன வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"போதும் ஃபிரெடி. நெஞ்சு தாங்கல. ராஜினாமா லெட்டர் எழுதிட்டேன், திங்கக்கிழமை சபாநாயகராண்ட குடுத்துடுவேன். நீயும் புள்ளைங்களோட இருடா. எத்தினி நாளைக்குத்தான் சாவு வூடா ஏறி இறங்குவ?"

ராஜினாமா செய்தாலும் இடைத்தேர்தல் வரும். ஆனால் பாதியில் ஓடிப்போனவர் என்று ஜனங்கள் காறித் துப்புவார்கள், கட்சி மண்ணைக் கவ்வும். பதவியில் இருக்கும்போதே இறந்தால் கதை வேறு. சட்டசபையில் இரங்கல் தீர்மானம், ஊர் முழுக்கக் கடையடைப்பு, அனுதாப அலை. அவருக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு. அன்று அவர் மனைவி ஞானசௌந்தரி அக்கா கோவளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், வீடு காலி. ஆனால் குரோம்பேட்டையில் எங்களுக்குப் போஸ்டர் அடிக்கும் வாஜித், பன்னிரண்டு மணிக்கு ஜும்மா தொழுகைக்குக் கடையைச் சாத்திவிடுவான். அதற்குள் அடித்தாக வேண்டுமே. அதனால் பதினொரு மணிக்கே அவனுக்குப் போன் செய்து, அண்ணன் போய்விட்டார், யாரிடமும் சொல்லாதே என்றேன். வாசகத்தையும் படங்களையும் அனுப்பினேன்.

"இன்னாண்ணா சொல்ற? நேத்துகூட சிரிச்சிப் பேசினு இருந்தாரே" என்று விக்கி விக்கி அழுதான்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று தலைமுடியைப் பிடித்து, நெற்றியை அதன் விளிம்பில் மோதினேன். வழுக்கி விழுந்தார் என்று சொல்லத் திட்டம். ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டும். நான்காவது தடவை வாஷ்பேசினே உடைந்தது. கீழே விழுந்தவர் கண்ணெல்லாம் ரத்தமாக என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஃபிரெடி, ஆம்புலன்ஸ் கூப்புடுடா" என்றார். அடித்தது யார் என்று அவருக்குத் தெரியவே இல்லை போலிருக்கிறது. மார்பில் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்தினேன். விரலைக் கடித்தார், இதோ தையல். பிறகு ஒரு பொன்னாடையை வாயில் திணித்து மூக்கை அழுத்திக்கொண்டேன்.

கால் உதறுவது நிற்பதற்குள் வாஜித் வந்து நின்றான். தொழுகைக்குக்கூடப் போகாமல், முகம் பார்க்கவும், முதல் காப்பியைக் காட்டிச் சரிபார்க்கவும் ஓடி வந்திருக்கிறான். கையில் மாலை வேறு. எங்களிடம் கற்றுக்கொண்ட பழக்கம்.

அந்தக் காப்பியைத்தான் மேஜையில் விரித்து வைத்திருக்கிறீர்கள். அப்படிப் பார்க்காதீர்கள், சார். அண்ணன் படம் மூலையில் சின்னதாகவும் என் படம் ஆளுயரத்துக்கும் இருப்பதில் தப்பாக எதுவுமில்லை. இவ்வளவு பெரிய துக்கத்தில் முன்னால் நிற்பவன் யார் என்று ஓட்டுப் போடுகிற ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?