தலைவரின் கண்

காலை ஆறே முக்காலுக்குக் குச்சவெளியிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் ஒரு பை தோடம்பழம்.

“ஆஸ்பத்திரிக்குத்தான் அக்கா. மீனவர் சங்கத் தலைவரிட்டக் கேட்டாத்தான் எங்கட வள்ளத்தைக் கடலில இறக்கலாம்.”

“என்ன பிழை செய்தனீங்கள்?”

“அவர் கூட்டத்துக்கு வரேக்க என்ட மனுசன் கதிரையால எழும்பேல்ல. அண்டைக்கே மறிச்சிட்டார்.”

“இப்ப அந்தாளுக்குப் பாரிசவாதமடி. கதைக்க ஏலாதே!”

“கண்ணால சொல்லுறாராம். மூடினா ஏலாதாம்.”

“திறந்திருந்தா?”

“யோசிக்கிறாராம்.”

மூத்தவள் சிரித்தாள். “அப்ப அவர் செத்தாலும் உங்களுக்கு ஏலாதுதான். கேளாமல் இறக்குங்கோவன். கட்டிலில கிடக்கிறவர் எழும்பி வந்து மறிப்பாரே?”

“நேற்று இறக்கப் போனனாங்கள். கயிற்றைப் பிடிச்சு மறிச்சது என்ட சொந்தத் தம்பி, அக்கா.”