மூட்டுவலிக்கு ஒரு நேர்கோடு

தொழிலாளர் துறையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சார். எதையும் மறைக்கப்போவதில்லை. கொல்லத்தில் அந்த முந்திரி ஆலையில் நல அலுவலராக இருந்தவன் நான். என்னைப் பிடிக்காதவர்கள் அங்கே யாருமில்லை. ஓணத்துக்கு ஓணம் ஆலைப் பெண்கள் எனக்குத் தருகிற நேந்திரங்காய் உப்பேரி வறுவலை மனைவி மூன்று டப்பாக்களில் அடைத்து வைப்பாள்.

மூட்டுவலி வேலைத்திறனை எவ்வளவு குறைக்கிறது என்று அளக்கும் யோசனை என்னுடையதுதான். திருவனந்தபுரத்தில் ஒரு மாநாடு. பதினைந்து நிமிடம் பேச இடம் தந்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து பருப்பின் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டும் நாற்பது பெண்களிடம் படிவத்தோடு போனேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை, மாலையில் உரித்தது எத்தனை கிலோ. வலி ஏற ஏற எடை இறங்க வேண்டும். கோடு அழகாகச் சரிந்து வந்தது, பங்கஜாட்சி என்ற ஒருத்தியைத் தவிர. அவள் விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல முறுக்கிக்கொண்டிருக்கும். தட்டிலோ எட்டுக் கிலோ.

"வலி எத்தனை, சேச்சி?"

"பத்து போடுங்க சார். அதுக்கு மேல இருந்தா அதையும் போடுங்க."

"வேலை எவ்வளவு பாதிக்குது?"

"சைபர்."

"அதெப்படி?"

பக்கத்திலிருந்த லில்லிக்குட்டி குறுக்கிட்டாள். "வலிதான் சார் சேச்சிக்கு மட்டும். வேலை எங்க எல்லாருக்கும்தானே. பென்ஷனுக்கு இன்னும் ஏழே மாசம், தள்ளிவிட்டுருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கவனித்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போகிற ஒவ்வொருத்தியும் பங்கஜாட்சியின் தட்டில் ஒரு பிடி உரித்த பருப்பைப் போட்டுவிட்டுப் போனாள். பிள்ளை பெற்று வந்தவளுக்கும் காய்ச்சல்காரிக்கும் இதே வழக்கமாம். அன்பு நல்லதுதான், தராசில் ஏறக் கூடாது. மறுநாள் அவளைத் தனியே சுவரோரம் உட்காரவைத்தேன்.

"என்ன சார், எனக்குத் தொத்து வியாதியா?"

"இல்ல சேச்சி, ஆராய்ச்சி."

"அது அதவிட மோசமாச்சே," என்றாள் லில்லிக்குட்டி.

ஆறு கிலோ. இன்னும் கோட்டுக்கு மேலேதான் நின்றாள். காரணம், தினமும் காலையில் ஆலையின் மருந்தறையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை. நான் அளக்க வந்தது நோயை, மாத்திரையை அல்ல. மருந்தறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதே வெள்ளை நிறத்தில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். எலும்புக்கும் நல்லது.

புதன்கிழமை கத்தி அவள் கையிலிருந்து நான்கு முறை விழுந்தது, குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விரல் மடங்கவில்லை. மதியச் சோற்றை லில்லிக்குட்டிதான் பிசைந்து ஊட்டினாள். அதற்குப் படிவத்தில் கட்டமில்லை, விட்டுவிட்டேன். எடை ஒன்றே முக்கால் கிலோ. கோடு அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் விழுந்தது.

மாநாட்டில் கைதட்டினார்கள். நிர்வாகமும் கோட்டைப் பார்த்தது. அடிமுனையில் இருக்கும் ஒன்பது பேரின் பெயர் கேட்டார்கள். எடை வரிசைப்படி கொடுத்தேன். முதல் பெயர் பங்கஜாட்சி. திங்கள்கிழமை ஒன்பது பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் ஈரமில்லாதவன் அல்ல, சார். அன்றைக்கே அசல் மாத்திரையில் ஒரு அட்டையை உறையில் போட்டு, வெளியே நின்றவளிடம் கொடுக்கச் சொல்லிக் காவலாளியிடம் அனுப்பினேன். 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று உறைமேல் என் கைப்படவே எழுதியிருந்தேன். வெறும் வயிற்றில் போட்டால் புண்ணாகிவிடும், பாருங்கள்.