மூன்றாம் அறைக் குழாய்

பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தால் உங்களுக்குச் சிறுநீர் வருமா?

வெட்கப்பட வேண்டாம். பலருக்கு வராது. பெரிய மீசைக்காரர்கள், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால் போனதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்கள். அது நோய் இல்லை, உடம்பின் கூச்சம். எங்கள் கிளினிக்கில் அதற்கு ஒரே வைத்தியம்தான். கை கழுவும் குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் உடம்பு தானாக இளகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் இதுதான்.

சிறுநீர்க் கோளாறுகளை மட்டும் பார்க்கிற கிளினிக் அது. மூன்றாம் அறை என் பொறுப்பு. அடைப்பு வந்து ட்யூப் போட்டவர்கள் அங்கே வருவார்கள். காலையில் ட்யூபை எடுப்பேன், தண்ணீர் குடிக்க வைப்பேன், முட்டிக்கொண்டு வரும்போது திரைக்குப் பின்னால் அனுப்புவேன். தானாகப் போய்விட்டால் அவருக்கு விடுதலை. போகாவிட்டால் மறுபடி ட்யூபைப் போட்டு, தொடையில் பையைக் கட்டி, இன்னொரு நாள் வரச் சொல்வேன்.

அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன். கிளினிக்கில் என்னை ‘மூணு’ என்பார்கள். வீட்டுக்காரருக்கு நான் ‘மாடி ரூம்’. நாள் முழுக்க அடுத்தவர் மொழியில் பேசிவிட்டு, அறைக்குப் போய் என் மொழியில் சுவரிடம் ரெண்டு வார்த்தை பேசிப் பார்ப்பேன், மறந்துவிடவில்லையே என்று.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் வெளியே காத்திருப்போர் நாற்காலியிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது.

“நாற்காலி செஞ்சானா, இல்ல யார் மேலயாவது கோவத்தத் தீத்துக்கிட்டானா தெரியலயே.”

என் மொழி. சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“அட, நம்ம ஆளா நீ? இவ்வளவு நேரம் இந்த ஊமை நாடகம் ஆடிட்டு இருந்தேனே.”

நெடுந்தூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த ஊரில் ஒரு லாரி ஷெட்டுக்குக் காவலுக்கு வந்து தனியாகத் தங்கியிருந்தார். புராஸ்டேட் வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. இதயம் பலவீனம் என்பதால் ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை கொடுத்து ட்யூபை எடுத்து எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் நாளே என்னிடம், “பொண்ணக் கட்டிக் கொடுத்துட்டேன், இல்லேன்னா உன்னையே மாப்பிள்ளை ஆக்கியிருப்பேன்” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ளே. அவர் எனக்கு மாமா. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

“ஆயுசு பூரா அடக்கி அடக்கியே வண்டி ஓட்டினேன் மாப்ளே. இப்ப விடுடான்னா விடமாட்டேங்குது. ரொம்ப விசுவாசமான உடம்பு.”

இன்னொன்றும் சொன்னார். வண்டியை நிறுத்தினால் பயணிகள் வரிசையாக நின்று கதை பேசிக்கொண்டே போவார்களாம். இவர் மட்டும் பேருந்துக்கு அந்தப் பக்கம் தனியாகப் போவாராம். “ஒரு நாய் நின்னு பாத்தாக்கூட எனக்கு நின்னுடும்” என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

முதல் தடவை நான் முறைப்படிதான் நடந்துகொண்டேன். குழாயைத் திறந்தேன், வெளியே போனேன். வரவில்லை. அது என் கணக்கில் சேராது. மறுபடி ட்யூப் போட்டேன். ஆனால் அன்று பகல் முழுக்க, தண்ணீர் குடித்துக் குடித்து அவர் காத்திருந்த நேரமெல்லாம், நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மலைப்பாதையில் பிரேக் போன கதை, மனைவி இறந்தபோது இவர் எங்கோ ஒரு டிப்போவில் தூங்கிக்கொண்டிருந்த கதை. கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதில் இருக்கிற உரிமை இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

கிளம்பும்போது சொன்னார்: “பொண்ணு அவ ஊர்ல எனக்கு ரூமெல்லாம் ரெடி பண்ணி வச்சுட்டு வா வான்னு கூப்பிடறா. இந்தப் பை மட்டும் போகட்டும், அன்னைக்கே ரயில் ஏறிடுவேன். பேத்தி முன்னாடி இதத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்.”

“நல்லது மாமா” என்றேன்.

அடுத்த தடவை நான் குழாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். வெளியேயும் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு, அதில் என் ரப்பர் செருப்பு தெரியும். அது ஈரத் தரையில் கீச்சென்று சத்தம் போடும். நான் கால் மாற்றி நின்றேன். நிற்கிறவன் கால் மாற்றத்தானே செய்வான்.

“வந்துச்சா மாமா?” என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன்.

“இல்ல மாப்ளே.”

வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு தேங்கியிருந்ததோ அதையே டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. மறுபடி ட்யூப் போட்டேன். என் கை மென்மையான கை, வலிக்காமல் போடுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் சொன்னார்.

அதற்கடுத்த தடவை அவருக்கு வர ஆரம்பித்துவிட்டது. திரைக்குப் பின்னால் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சை விடுகிற சத்தமும் கேட்டது, பெரிய ஏற்றத்தை ஏறி முடித்த வண்டி மாதிரி. எனக்கு ரயில் நிலையம் கண்ணில் தெரிந்தது. அவர் பெட்டியைத் தூக்கி வைக்கிறார், கை அசைக்கிறார், நான் மாடி ரூமுக்குத் திரும்புகிறேன்.

திரையை விரலால் லேசாக விலக்கி, “தண்ணி ஏதாவது வேணுமா மாமா?” என்றேன்.

சத்தம் நின்றுவிட்டது. பிறகு வரவே இல்லை.

நாலாவது தடவை அவரே கேட்டார். முதல் தடவை நான் திறந்துவிட்டது நினைவு வந்திருக்கும், இல்லாவிட்டால் வெளியே நாற்காலியில் யாராவது சைகையில் சொல்லியிருப்பார்கள்.

“மாப்ளே, அந்தக் குழாயக் கொஞ்சம் தொறந்து விட்டுட்டு வெளிய போயேன். கூச்சமா இருக்குடா.”

“குழாய் ரிப்பேர் மாமா” என்றேன். “நீங்க தலை சுத்தி விழுந்துட்டா? நான் இங்கயே இருக்கேன்.”

முழுக் கதையிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் நம்பினார். வரவில்லை. ட்யூபை மறுபடி போட்டு நான் பையைக் கட்டும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்தார். “விடு மாப்ளே. நீயும்தான் என்ன பண்ணுவ.” என் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை.

அடுத்த முறைக்கு அவர் வரவில்லை. மகள்தான் வந்தாள். அப்பா மாதிரியே நெற்றி. கையில் பிரிக்காத சிறுநீர்ப் பைகள், வேறு யாருக்காவது ஆகும் என்று கொண்டுவந்திருந்தாள்.

ட்யூப் வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றாள். குளிர் ஜுரத்தோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டதாம்.

“அங்க அந்த ட்யூப எடுத்துட்டாங்க அண்ணா. நர்ஸ் குழாயத் தொறந்து விட்டுட்டு வெளிய போயிட்டாங்க. அப்பாவுக்குத் தானாவே போயிடுச்சு. அந்த ஜுரத்துலயும் சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. மாப்ளேகிட்ட சொல்லிடு, சந்தோஷப்படுவான்னாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறம் ரெண்டு நாள்தான் இருந்தாரு. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு சொந்தம் இருக்குன்னு உங்களப் பத்தியேதான் பேசுவாரு.”

பைகளை வாங்கி அலமாரியில் வைத்தேன். சொந்தம் என்று அவர் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சிறுநீர் சரியாக வருவதில்லை. பட்டப் பகலில், கிளினிக்கின் கழிப்பறையில்கூட. கதவுக்கடியில் இரண்டு பாதங்களின் நிழல் விழுகிறது. வலது செருப்பின் முனை தேய்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துத் தேய்ந்த மாதிரி. கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. சாத்தினால் மறுபடி வந்து நிற்கிறார். கோபமாக நிற்கவில்லை. கால் மாற்றி நிற்கிறார். “வந்துச்சா மாப்ளே?” என்று கேட்கிறார், அக்கறையாகத்தான். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஆள் கிடைத்தால் பேச ஆசைப்படுகிறவன் நான், கொல்ல ஆசைப்பட்டவன் இல்லை. இருந்தாலும் அவரைக் கொன்றது நான்தான். கத்தியோ விஷமோ தேவைப்படவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அது போதுமாக இருந்தது. அவர் ஒருவருக்கு மட்டும்தான் இப்படிச் செய்தேன், வேறு யாருக்கும் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் அடிவயிறு கல்லாகி வலித்தபோது முடிவெடுத்தேன். விடிந்ததும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. சொல்ல வேண்டிய வாக்கியங்களை டாக்டரம்மாவின் மொழியில் சுவரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் காலை மூன்றாம் அறைக்கு ஒரு தையல்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மொழியில், “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். ட்யூபை எடுத்து, தண்ணீர் கொடுத்து, திரைக்குப் பின்னால் அனுப்பினேன். குழாயைத் திறக்கவில்லை.