எஞ்சின் ஓடாத தோட்டம்

அட, மோர மொதல்ல குடியுங்க மேஸ்திரி. காலையில இருந்து எஞ்சினுக்குள்ளயே தலைய உட்டுக்கிட்டு இருக்கறீங்க. எங்கூட்டுக்காரரு இப்ப வரமாட்டாருங்க, எருது பூட்டியிருக்குது.

எஞ்சினு வாரதுக்கு முந்தி விடிஞ்சா கெணத்து மேட்டுல எருதக் கட்டி, கவலைச் சாலுல தண்ணி எறைப்பாருங்க. மத்தவிய எருது சரிவுல எறங்கறப்ப வடத்து மேல குந்திக்குவாங்க. இவரு, மாட்டுக்குப் பாரம்னு கூடவே நடப்பாரு. எறங்கி ஏறி, எறங்கி ஏறி, வெயிலு ஏறுற மட்டும் அதேதான். ஒரு நாளு தலைவலின்னு படுத்ததில்லீங்க.

எஞ்சினு வந்துச்சு, கட்டில்ல உக்காந்துட்டாரு. சோறு மட்டும் கொறையல. திருச்செங்கோட்டு மலைப்படியில பாதி ஏறறதுக்குள்ள தலை சுத்தி உழுந்துட்டாருங்க.

சேலத்து டாக்டரு கையில பட்டையக் கட்டி, ரப்பர் பந்த அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. ரத்தக் கொதிப்புன்னாரு. எருதோட நடந்த நடைதான் இருதயத்தக் கெட்டியா வெச்சிருந்துச்சு, அலட்டிக்காம நெதானமா அடிச்சுது, இப்ப அதே ரத்தத்தத் தள்ள முக்குது, தெனமும் நடங்கன்னாருங்க.

நடக்க வேண்டியதுதானேங்கறீங்களா? நடந்தாருங்க, ஒரே நாளு. ஊர்க்கோடி போறதுக்குள்ள நாலு பேரு, என்னுங்க, சோலியில்லாம நடக்கறீங்க, யாரு ஊட்டுல எழவுன்னு கேட்டுட்டாங்க. வெக்கப்பட்டுத் திரும்புனவரு அப்பறம் வாசலத் தாண்டலீங்க.

இவரு அண்ணன் ஊட்டுலதான் மொதல்ல எஞ்சினு வெச்சாங்க. போன ஆடியில அவருக்கு ஒரு பக்கம் இழுத்துப்போச்சு. அவரு சம்சாரம் பெரியநாயகி அக்கா இன்னைக்கும் கஞ்சிய ஊட்டித்தான் உடறாங்க. அதப் பாத்துட்டு வந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க.

ஆமாங்க, எஞ்சினு நின்னதுக்கு அப்பறந்தான் மறுபடி எருது பூட்டுனாரு. மொதல்ல நாலு சாலு எறைக்கறதுக்குள்ளயே மூச்சு வாங்குச்சு. உக்கார வெச்சு, உக்கார வெச்சு, கொஞ்சங் கொஞ்சமா எறைக்க உட்டேன். இப்பப் பாட்டுச் சத்தம் கேக்குது பாருங்க! போன வாரம் டாக்டரு பட்டை கட்டிப் பாத்து, கொதிப்பு எறங்கியிருக்குதுன்னாரு. மஞ்சக்காடு பாதி காஞ்சுதான் போச்சு. போகட்டும்.

நீங்க எஞ்சின ஓட்டிக் குடுத்தா வார சந்தையிலயே எருத வித்துப்போடுவாருங்க. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. சீமையில சண்டை நடக்குது, சாமானு அங்க இருந்து கப்பல்ல வரோணும், எப்ப வருமின்னு தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க.

எந்தச் சாமானா? காலையில இருந்து தேடறீங்களே, அதுதானுங்க. கெணத்துக்குள்ள கெடக்குது. நீங்க வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டுனாலும் அதையும் நான் அங்கதானுங்க போடுவேன்.