தால்ச்சாவுக்கு எத்தனை கிராம் உப்பு

ஐய, அந்தக் கரண்டியக் கீழ வைங்க மேடம். நிமிசத்துக்கு ஒருதரம் நக்கிப் பாத்தா அது சமையலா? நோம்பு மாசம் முப்பது நாளும் இந்த மதீனா பீவிதான் இந்த வீட்டுல கஞ்சி காச்சுறா, ஒரு பருக்கை நாக்குல படாது. பட்டா நோம்பு போச்சு. அப்பவும் எல்லாரும் ரெண்டாவது கோப்பை கேப்பாங்க. கைதான் மேடம் பேசணும், நாக்கு இல்ல.

என்னது, தராசா? தராசப் பையில தூக்கிக்கிட்டா கொடைக்கானல் பாக்க வந்தீங்க? நல்லாருக்கு போங்க. பேங்க்ல முப்பத்தஞ்சு வருசம் இருந்தவுகல்ல, எழுதி வைக்காம எதையும் விட மாட்டீக. ரிட்டயர் ஆன பெறகு ஊரு ஊரா அடுப்படி ஏறி எறங்குறது ஒரு பொழப்பா? சரி, எம் மவன் அப்சல் மாடி ரூமுலதான தங்கியிருக்கீங்க, நேத்து என் தால்ச்சாவ வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு நீங்களா வந்து கேட்டீங்க. அதான் வெள்ளனே கூப்புட்டேன். நிறுங்க. எம் பிடி உப்ப நிறுத்து எழுதிக்கங்க. புளியையும்தான்.

அம்மியா? அது பொறத்தால கெடக்கு, கோழி ஏறி நிக்க. மிக்சியில அரைச்சா தொண்டையில எறங்காதாக்கும்? எல்லாம் மொதல்லேருந்து கையாலயே செய்யணுமாம். மண்சட்டி வேற! இந்த ஒசரத்துல, இந்த செண்பகனூர்க் குளுருல, மண்சட்டியில கடலப்பருப்பு வேகணும்னா நீங்க அடுத்த வாரம்தான் பஸ் ஏறணும். எலும்பும் பருப்பும் குக்கர்ல. ஆறு விசிலு. கத்திரிக்கா, மாங்கா பெறகு.

மலைப்பூண்ட அப்படியா உரிப்பாங்க? நகம் போயிரும். வெரசா ஆகட்டும்.

இஞ்சி பூண்டு பச்ச வாட போயிருச்சான்னு நீங்க சொல்லுங்க. நான் சொல்லிட்டா நீங்க எப்பக் கத்துக்கிறது?

மருமகளா? மஹீரா, பண்ணைக்காட்டுக்கு உம்மா வீட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துருவா. அவளும் உங்கள மாதிரிதான், போனப் பாத்துச் சமைக்கிற ஆளு. கல்யாணமாயி வந்த புதுசுல, ஏழெட்டு வருசமிருக்கும், பெருநாளைக்கு அவ ஒரு தால்ச்சா வச்சா. விருந்தாளுக முன்னாடியே சட்டியோட தூக்கிப் பொறத்தால கொட்டுனேன். உப்புத் தெரியாத நாக்கு, உனக்கெல்லாம் எதுக்குடி அடுப்படின்னு கேட்டேன். அழல அவ. பாத்துக்கிட்டே நின்னா.

ம், தாளிச்சுக் கொட்டியாச்சு, மல்லித்தழையும் போட்டாச்சு. எறக்குங்க. இப்பப் பாருங்க. ஊதிக் குடிங்க.

எப்படி இருக்கு?

மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. மருவாதிக்குச் சொல்றது எனக்கு வேணாம், அது எங்க வீட்டுலயே நெறையாக் கெடைக்குது. நேத்து தின்னது மாதிரி இல்ல, அதான? இருக்காது.

நேத்து நான் எறக்கி வச்சுட்டுத் தொழப் போனேன். வந்து கதவுச் சந்துல பாக்குறேன், மஹீரா ஒரு சொட்டு எடுத்து வாயில வச்சா. உப்பு அள்ளிப் போட்டா, புளித்தண்ணி ஊத்துனா, கலக்கி மூடி வச்சா. அவ ஒண்ணும் சட்டியக் கொட்டல மேடம். எத்தனை நாளா செய்றாளோ.

அந்தக் கொரோனாக் காய்ச்ச ஊரெல்லாம் வந்துச்சுல்ல, அப்பப் போச்சு, எனக்கு மூக்கும் நாக்கும். பெறகு திரும்பவே இல்ல. சீனியும் உப்பும் எனக்கு ஒண்ணுதான். நோம்பு மாசம் தப்பிச்சுக்கிருவேன், யாரும் ருசி பாக்கச் சொல்ல மாட்டாங்க. மத்த பதினோரு மாசம்? கை பழக்கத்துல போட்டுரும்னு நெனச்சேன். கையும் மறந்துருச்சு.

அவகிட்டக் கேக்க எனக்கு வாய் வரல அக்கா. அந்தத் தராச இங்கிட்டுத் தள்ளுங்க. உப்பையும் புளியையும் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்துப் போடுங்க, உங்க நாக்குக்குச் சரியானதும் மொத்தம் எத்தனை கிராம்னு எழுதி, அந்தத் தாளக் கிழிச்சு எனக்குக் குடுத்துட்டுப் போங்க. தமிழ்லயே எழுதுங்க.