பச்சை நாவாய்ப்பூச்சி

நெரவியிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் சீறினாள்.

“நமக்கு வேலை செஞ்ச பூச்சியை நீங்களே கொன்னுட்டீங்க.”

“பூச்சின்னா எல்லாம் பூச்சிதானே?”

“நெல்லைக் கருக்குற புகையானோட முட்டையை இந்தப் பச்சை நாவாய்ப்பூச்சிதான் திங்குதுன்னு விவசாய ஆபீசர் நம்ம வயல்லயே வந்து காட்டுனாரா இல்லியா? நல்லா தலையாட்டிட்டு, அவரு அந்தாண்ட போனதும் மருந்தடிச்சீங்க. இப்ப வயலே கருகிக் கெடக்கு.”

“பக்கத்து வயல்காரரு அடிச்சாரு. நாம சும்மா இருந்தா அங்க உள்ள பூச்சியெல்லாம் நம்ம வயலுக்குல்ல வரும்?”

கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர் சட்டென்று திரும்பினார். அவர்தான் அந்தப் பக்கத்து வயல்காரர்.

“நல்லாருக்குங்க நியாயம்! நீங்க மருந்து டேங்கைக் கழுவி வச்சதைப் பாத்துட்டுதானே நான் முந்திக்கிட்டு அடிச்சேன்?”

“அய்யோ, அது வீட்டுல நாறுதுன்னு இவதாங்க கழுவச் சொன்னா!”